கட்டிலை மறித்திருப்பது யார்?

இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 2023 ஜனவரியில் சில நாட்கள் சுமார் 14,000 கட்டில்களில் படுத்திருந்தவர்களுக்கு அங்கே படுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வைத்தியம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்களும் எழுதிவிட்டார்கள். ஆனாலும் அவர்கள் போகவில்லை. அந்நாட்டில் பொது நோய்களுக்கும் அவசர சிகிச்சைக்கும் உள்ள கட்டில்கள் மொத்தம் ஒரு லட்சத்தை ஒட்டியவை. ஆகவே ஏழு கட்டிலுக்கு ஒரு கட்டில் இப்படி அடைபட்டுக் கிடந்தது.

அதற்கு முந்திய மாதம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில், வார்டில் சேர்க்கவேண்டும் என்று டாக்டர் முடிவு செய்த பிறகும், 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளுவண்டியிலும் நாற்காலியிலும் காத்துக் கிடந்தவர்கள் 54,000 பேருக்கு மேல். மார்வலி, பக்கவாதம் என்று போன் செய்தால் சராசரியாக 18 நிமிஷத்தில் வந்து சேர வேண்டிய ஆம்புலன்ஸ், அந்த மாதம் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வண்டிக்குப் பஞ்சமில்லை. வண்டிகள் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்றன. உள்ளே இறக்க இடமில்லை. முன்வாசலில் ஆள் நுழைய முடியாததற்குப் பெரிய காரணம், பின்வாசல் வழியாக ஆள் வெளியேற முடியாததுதான்.

அங்கே பத்திரிகைகளும் சில அதிகாரிகளும் இப்படித் தங்கிவிட்டவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் ‘கட்டில் மறிப்பவர்கள்’. நமக்கு மறியல் தெரியாதா? மில் வாசலில் மறியல் செய்கிறவன் தெரிந்தே செய்கிறான். தன் கோரிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் எண்பது வயதுக் கிழவியோ, “என்னை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?” என்று காலையும் மாலையும் நர்ஸைக் கேட்டபடி இருக்கிறாள். அவளையா மறியல்காரி என்பது? உண்மையில் அந்தக் கட்டிலை மறித்திருப்பது யார் என்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கோ குளிர்தேசத்து ஆஸ்பத்திரியைப் பற்றி நமக்கென்ன என்று வாசகர்கள் நினைக்கவேண்டாம். பணமில்லை என்பதற்காக எந்த உழைப்பாளியும் வைத்தியமின்றிச் சாகக்கூடாது என்று ஒரு பெரிய முதலாளித்துவ நாட்டில் சட்டமாக்கி, 1948 ஜூலை 5 முதல் நடத்திக்காட்டிய ஏற்பாடு அது. அதை முன்னின்று கொண்டுவந்த சுகாதார மந்திரி அன்யூரின் பெவன், தெற்கு வேல்ஸில் டிரெடீகர் என்ற ஊரில் சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அந்த ஊர்த் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பவுனுக்கு இத்தனை பென்னி என்று ஒதுக்கி நடத்திவந்த வைத்திய உதவிச் சங்கந்தான் அவருக்கு முன்மாதிரி. அத்தகைய ஏற்பாடு எந்த இடத்தில் இற்றுப்போகிறது என்று தெரிந்துகொள்வது நமக்கும் வேண்டியதுதான்.

வைத்தியம் முடிந்த பிறகு

லங்காஷயரில் நூல் மில்லில் வேலைபார்த்து ஓய்ந்த ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். தனியாக இருக்கிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆபரேஷன் நடந்தது, ஒரு காசு செலவில்லை. பத்து நாளில் புண் ஆறியது. இனி ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவளால் தானாக எழுந்து கழிப்பறைக்குப் போக முடியாது. காலையில் எழுப்பி உடுத்திவிட, மத்தியானம் ஒரு வாய் சாப்பாடு எடுத்துக்கொடுக்க, சாயந்திரம் மாத்திரை கொடுக்க, இரவு படுக்க வைக்க, நாளுக்கு நாலு தடவை ஒரு ஆள் வந்துபோக வேண்டும். அல்லது முதியோர் இல்லத்தில் ஒரு இடம் வேண்டும்.

இந்த ஆளைக் கொடுப்பது ஆஸ்பத்திரி இல்லை. அது ஸ்தல கவுன்சிலின் பொறுப்பு. கவுன்சிலின் அலுவலர் வந்து பாட்டியைப் பார்த்து எத்தனை மணி நேர உதவி வேண்டும் என்று எழுதவேண்டும். அவளுக்கு எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று கணக்கெடுக்கவேண்டும். பிறகு கவுன்சில், வீட்டுப் பராமரிப்புக் கம்பெனிகளைக் கேட்கவேண்டும். அந்தத் தெருவுக்கு அனுப்ப ஆள் இல்லை என்று ஒரு கம்பெனி சொல்லும். காலை வேளை மட்டும் முடியும், இரவு முடியாது என்று இன்னொன்று சொல்லும். தூக்கி எடுக்க இரண்டு பேர் வேண்டிய நோயாளி என்றால் பதிலே வராது. முதியோர் இல்லம் என்றால், இல்லத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டால் திங்கட்கிழமைவரை எந்தக் காகிதமும் நகராது. முன்னமே வீட்டுக்கு ஆள் வந்துகொண்டிருந்த பாட்டியாக இருந்தாலும் தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் சேர்ந்தவுடன் அந்த நேரத்தை வேறொருவருக்கு ஒதுக்கிவிடுவது அங்கே சாதாரணம். அவள் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும்.

இதற்கிடையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டியின் உடம்பு என்ன ஆகிறது? பிரிட்டிஷ் தேசியத் தணிக்கை அலுவலகம் 2016இல் இதைப்பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. வயதானவர்கள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தசை வலுவில் 5 சதவிகிதம்வரை இழக்கலாம் என்று அதில் கண்டிருக்கிறது. போதாததற்கு வார்டில் தொற்றும் வியாதிகள். இடம் மாறிய மனக்குழப்பம். விழுந்த அன்று ஒரு ஆள் துணையோடு வீட்டில் இருக்கக்கூடியவள், காத்திருந்து காத்திருந்து இரண்டு ஆள் வேண்டியவளாகிறாள். இப்போது பழைய மதிப்பீடு செல்லாது, புதிதாக எழுதவேண்டும். மறுபடி காத்திருக்கவேண்டும். ஆஸ்பத்திரியே நோயாளியை உண்டாக்கும் நிலைமை இது.

அதே அறிக்கை, சிகிச்சை தேவைப்படாத முதியவர்கள் ஆஸ்பத்திரியில் கழித்த நாட்கள் வருஷத்துக்கு 27 லட்சம் என்றும், அதனால் ஆகும் செலவு 82 கோடிப் பவுன் என்றும் மதிப்பிட்டது. இந்தப் பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வீட்டு உதவிக்குச் செலவிட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் என்பதைக் கண்டுபிடிக்கக் கணக்குப் பரீட்சை எழுதவேண்டியதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் பணம் வேறு பெட்டி, பராமரிப்புப் பணம் வேறு பெட்டி. ஒரு பெட்டியில் மிச்சம் பிடித்தால் இன்னொரு பெட்டியில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையைப் பார்ப்பது தன் வேலையல்ல என்று இரண்டு பெட்டிக்காரரும் சொல்லிக்கொள்கிறார்கள்.

தாமதம் முழுவதும் பராமரிப்புக் குறைவால் மட்டுமே வந்தது என்று சொல்வது நியாயமாகாது. மருந்துச் சீட்டுக்கும் வண்டிக்கும் காத்திருப்பவர்கள் உண்டு. ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் மெத்தனத்தால் தங்குபவர்களும் உண்டு. இவற்றை ஆஸ்பத்திரிக்குள்ளேயே சரிசெய்யலாம். நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் கிடப்பவர்களின் கதையோ வேறு. அவர்களில் பெரும்பாலோர் வெளியில் ஒரு ஆளுக்கோ ஒரு இடத்துக்கோ காத்திருப்பவர்கள்.

ஒரே நாளில் இரண்டு சட்டம்

இரண்டு பெட்டி எப்படி வந்தது? 1948 ஜூலை 5ஆம் தேதியே இரண்டு சட்டங்கள் அமுலுக்கு வந்தன. ஒன்று இலவச வைத்தியம் கொடுத்தது. இன்னொன்றான தேசிய உதவிச் சட்டம், நூற்றாண்டுகளாக ஏழைகளைத் தரித்திர விடுதிகளில் அடைத்து வைத்திருந்த பழைய சட்டத்தை ஒழித்தது. முதியோருக்கும் இயலாதவருக்கும் தங்குமிடம் கொடுப்பதைக் கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. ஆனால் இலவசமாக அல்ல. பணக்காரர்கள் ஓட்டலில் வாடகை கொடுத்துத் தங்குவதுபோல, தொழிலாளியும் தன் பென்ஷனிலிருந்து வாடகை கொடுத்து மானத்தோடு தங்கலாம் என்று பெவன் நினைத்தார். நல்லெண்ணந்தான். நடைமுறையில், நோயாளி என்று பெயர் வைத்தால் இலவசம், இயலாதவர் என்று பெயர் வைத்தால் காசு என்று ஒரு கோடு விழுந்துவிட்டது. பக்கவாதத்தில் விழுந்த ஒரு கிழவன் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம்? எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் இந்த வழக்கு ஓயவில்லை.

புதிய இல்லங்கள் கட்டுவதும் பேச்சோடு சரி. பீட்டர் டவுன்செண்ட் என்ற சமூக ஆராய்ச்சியாளர் நாடெங்கும் முதியோர் இல்லங்களைச் சுற்றிப் பார்த்து 1962இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சட்டத்தில் ஒழிக்கப்பட்ட தரித்திர விடுதிகளின் பழைய கட்டிடங்களிலேயே ஆயிரமாயிரம் முதியவர்கள் வரிசைக் கட்டில்களில் வாழ்ந்துகொண்டிருந்ததை அவர் எழுதிக்காட்டினார். பெயர்ப்பலகை மட்டும் மாறியிருந்தது.

வழி தெரியாமல் இப்படி நடந்தது என்று சொல்ல முடியாது. இந்தச் சட்டங்களுக்கு முன்பே, 1935இல், லண்டனுக்கு மேற்கே உள்ள வெஸ்ட் மிடில்ஸெக்ஸ் ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரிடம் பக்கத்துத் தரித்திர விடுதியின் நோயாளிகள் 714 பேர் ஒப்படைக்கப்பட்டார்கள். தீராத வியாதிக்காரர் என்று முத்திரை குத்தி வருஷக்கணக்கில் படுக்கையிலேயே போட்டு வைத்திருந்தவர்கள் அவர்கள். அவர் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார், எழுந்து உட்காரவும் நடக்கவும் பழக்கினார், வார்டுக்கு வெள்ளையடித்தார், வெளிச்சம் வரச் செய்தார். பலர் நடந்தார்கள், ஒரு பகுதியினர் வீட்டுக்கே போனார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறையே அங்கிருந்துதான் பிரிட்டனில் வளர்ந்தது. கிழவர் படுத்துக் கிடப்பது விதி என்று அப்போதும் சொன்னார்கள். ஆளும் அக்கறையும் இருந்தால் எழுந்து நடப்பார்கள் என்று அந்தப் பெண்மணி காட்டினார்.

கிழவரும் சரக்கானார்

பிறகு வந்தது தாட்சர் அம்மையாரின் ஆட்சி. தனியார் இல்லங்களில் சேர்கிறவர்களுக்கு உதவித்தொகையிலிருந்து சர்க்காரே கட்டணம் கட்டும் வழி 1980களில் அகலத் திறந்துவிடப்பட்டது. 1979இல் இதற்கு ஆன செலவு சுமார் 1 கோடிப் பவுன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அது 100 கோடிப் பவுனைத் தாண்டியது. தெருவுக்குத் தெரு தனியார் இல்லங்கள் முளைத்தன. பிற்பாடு அந்தப் பணம் கவுன்சில்கள் கைக்கு மாற்றப்பட்டபோது, மாற்றிய தொகையில் 85 சதவிகிதத்தைக் கவுன்சிலுக்கு வெளியே தனியாரிடமும் தர்ம ஸ்தாபனங்களிடமுந்தான் செலவிடவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கவுன்சிலின் சொந்த இல்லங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, விற்கப்பட்டன. முன்னே பெரும்பாலும் பொது நிர்வாகத்தில் இருந்த முதியோர் பராமரிப்பு இன்று பெரும்பாலும் தனியார் கையில்.

ஸதர்ன் கிராஸ் என்ற கம்பெனியின் கதையை மில் தொழிலாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். மில்லை வாங்கி, யந்திரத்தை விற்று, நிலத்தை விற்று, கடைசியில் கேட்டைப் பூட்டுகிற முதலாளியை நாம் பார்த்திருக்கிறோம். இது அதே வித்தை. பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க நிதி மூலதனக் கம்பெனி 2004இல் அதை வாங்கியது. இல்லங்களின் கட்டிடங்கள் விற்கப்பட்டன; விற்ற கட்டிடங்களிலேயே வாடகைக்கு இருந்து தொழில் நடத்தும் ஏற்பாடு பெருக்கப்பட்டது; வாடகை வருஷாவருஷம் ஏறும்படி பத்திரம் எழுதப்பட்டது. 2006இல் பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்து, சீக்கிரமே பிளாக்ஸ்டோன் லாபத்தோடு வெளியேறியது. கவுன்சில்கள் கட்டணத்தை இறுக்கிப் பிடித்தன. வாடகையோ ஏறிக்கொண்டே போயிற்று. 2011இல் கம்பெனி கவிழ்ந்தது. சுமார் 750 இல்லங்கள், 31,000 முதியவர்கள். படுக்கையில் கிடந்த பாட்டிக்கு, தன் படுக்கைக்குக் கீழே இத்தனை கைமாறுதல் நடந்தது தெரியவே தெரியாது.

இன்றும் கணக்கு அதே கணக்குத்தான். சொந்தப் பணம் கட்டி இருப்பவர்கள், கவுன்சில் பணத்தில் இருப்பவர்களைவிடச் சராசரியாக 41 சதவிகிதம் அதிகம் கட்டுகிறார்கள் என்று 2017இல் பிரிட்டிஷ் போட்டி மற்றும் சந்தை ஆணையம் கண்டுபிடித்தது. ஒரு இடம் காலியானால் இல்ல முதலாளி யாரை எடுப்பார்? ஆஸ்பத்திரியில் கவுன்சில் சீட்டோடு காத்துக் கிடக்கும் தொழிலாளிப் பாட்டியையா?

சொந்தப் பணம் என்றால் யார் பணம் என்றும் பார்க்கவேண்டும். 23,250 பவுனுக்கு மேல் ஆஸ்தி உள்ளவர் செலவு முழுவதையும் தாமே கட்டவேண்டும். இந்த வரம்பு 2010 முதல் 2025 வரை ஒரு பென்னிகூட உயர்த்தப்படவில்லை. விலைவாசி மட்டும் காத்திருக்கவில்லை. தனியாக வாழ்பவர் நிரந்தரமாக இல்லத்தில் சேர்ந்தால் அவர் வீடும் ஆஸ்திக் கணக்கில் சேரும். ஆயுள் முழுதும் உழைத்து வாங்கிய சிறிய வீட்டை மறதி நோய் தின்றுவிடும். புற்றுநோய் வந்திருந்தால் வீடு தப்பியிருக்கும்! இதற்கு ஒரு உச்சவரம்பு வைக்கவேண்டும் என்று 2011இல் டில்நாட் கமிஷன் சிபார்சு செய்தது. 2014இல் சட்டமும் வந்தது. 2015இல் ஒத்திவைத்தார்கள். 2021இல் 86,000 பவுன் என்று ஒரு வரம்பை அறிவித்து 2023 அக்டோபரில் அமுலாகும் என்றார்கள். பிறகு 2025 அக்டோபர் என்றார்கள். 2024 ஜூலையில் லேபர் கட்சியின் நிதி மந்திரி அடியோடு ரத்து செய்தார். கன்சர்வேடிவ் மந்திரிகள் தள்ளிப்போட்டார்கள். லேபர் மந்திரி கிழித்துப் போட்டார். வித்தியாசம் அவ்வளவே.

2010க்குப் பிறகு ‘சிக்கனம்’ என்ற பெயரில் கவுன்சில்களுக்கு மத்திய சர்க்கார் தரும் பணம், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 2017–18க்குள் ஏறக்குறையப் பாதியாக வெட்டப்பட்டது. ஆஸ்பத்திரியில் கை வைத்தால் ஜனங்கள் கொதித்தெழுவார்கள் என்பது மந்திரிகளுக்குத் தெரியும். கவுன்சிலில் கை வைத்தால் உடனே யாருக்கும் தெரியாது. தெரிந்தது, ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் நின்றபோதுதான். ஆஸ்பத்திரியிலேயும் முன்பிருந்த கட்டில்கள் இல்லை. 1987–88இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 3 லட்சம் கட்டில்கள் இருந்தன. 2019–20இல் சுமார் 1,41,000. வீட்டிலேயே பராமரிப்போம், கட்டில் வேண்டாம் என்று சொல்லிக் குறைத்தார்கள். கட்டில் போயிற்று, வீட்டுக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை.

இந்த வேலை யார் செய்கிறார்கள்?

நம்முடைய அபிப்பிராயத்தில் விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. கட்டில், பட்ஜெட், கமிஷன் என்று பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இங்கிலாந்தில் பராமரிப்புத் துறையில் வேலை செய்பவர்கள் சுமார் 15 லட்சம் பேர். ஐந்தில் நால்வர் பெண்கள். 2021–22இல் ஆளில்லாமல் காலியாகக் கிடந்த இடங்கள் 1,65,000. ஏன் ஆள் வரவில்லை? கூலி, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே கிடக்கிறது. ஐந்து வருஷம் அனுபவம் உள்ளவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் மணிக்குச் சில பென்னிகளே வித்தியாசம். கடையில் அலமாரி அடுக்கினால் அதைவிட அதிகம் கிடைக்கும். கிழவரைக் குப்புறப் புரட்டி முதுகில் புண் வராமல் துடைக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஏறக்குறைய நாலில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார்கள்.

வீட்டுக்கு வீடு போகும் ஊழியரின் பாடு இன்னும் மோசம். இன்ன நாளைக்கு இத்தனை மணி வேலை என்று உறுதியே தராத ஒப்பந்தம். ஒரு வீட்டில் அரை மணி, அடுத்த வீட்டில் கால் மணி. இரண்டு வீட்டுக்கும் நடுவே மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்துக்குப் பல கம்பெனிகளில் கூலி கிடையாது. காலை ஏழுமுதல் இரவு ஒன்பதுவரை வெளியில் இருந்துவிட்டு, ஏழெட்டு மணி நேரக் கூலியோடு வீடு திரும்புவார்கள். விவசாயத் தொழிலாளிக்கு இது புரியும்: களத்துக்கு வரச்சொல்லிவிட்டு, கதிர் அடித்த நேரத்துக்கு மட்டும் கூலி அளப்பதுபோல. லண்டனில் ஹாரிங்கே பகுதியில் இப்படி வேலை செய்த பத்துப் பெண்கள், தங்கள் யூனியன் துணையோடு வழக்காடி, பயண நேரமும் வேலை நேரந்தான் என்று 2020இல் தொழிலாளர் டிரிபியூனலில் ஜெயித்தார்கள். பாக்கிக் கூலி சுமார் 1 லட்சம் பவுன் அவர்களுக்குக் கிடைத்தது. 2018 அக்டோபரில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து வீட்டுப் பராமரிப்புப் பெண்களும், பள்ளிக்கூடங்களில் சமைப்பவர்களும் துப்புரவு செய்பவர்களுமாகச் சுமார் 8,000 பேர், ஆணுக்குச் சமமான கூலி கேட்டு இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை வண்டித் தொழிலாளர்கள் அவர்களுடைய மறியலைத் தாண்டி வண்டியை ஓட்ட மறுத்தார்கள். சில மாதத்தில் நகரசபை பணிந்தது. மறியல் என்பது இதுதான்; கட்டிலில் கிடக்கும் பாட்டி செய்வதல்ல.

கூலியை உயர்த்துவதற்குப் பதில் சர்க்கார் கண்ட வழி வெளிநாட்டு ஆள். 2022 பிப்ரவரியில் பராமரிப்பு ஊழியர்களுக்கென விசா திறந்தார்கள். இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே முதலிய நாடுகளிலிருந்து ஆயிரமாயிரமாய்ப் போனார்கள். நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்கு லட்சங்களைக் கொட்டிவிட்டுப் போனவர்களும் அவர்களில் உண்டு. போய் இறங்கினால் சொன்ன வேலை இல்லை. சொன்ன கூலி இல்லை. வேறிடம் போகவும் விசா விடாது. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையே 470க்கு மேற்பட்ட பராமரிப்பு முதலாளிகளின் ஆள் தருவிக்கும் லைசென்ஸை அந்த சர்க்காரே ரத்து செய்யவேண்டி வந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். 2024 மார்ச் முதல் புருஷனையும் பிள்ளையையும் கூட அழைத்துவரக்கூடாது என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஊர்த் தாயைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத் தன் குழந்தையைப் பார்க்கும் உரிமை வேண்டாம்!

இத்தனைக்கும் கீழே, கூலியே இல்லாமல் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மகளும் மனைவியும் கணவனுமாக இங்கிலாந்தில் 47 லட்சம் பேர் என்று 2021 ஜனக்கணக்கு சொல்கிறது. வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்த்தால் 2024–25இல் ஒரு உதவித்தொகை உண்டு: 81 பவுன் 90 பென்னி. மணிக்கு இரண்டேகால் பவுன் சொச்சம். அந்த வருஷம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11 பவுன் 44 பென்னி. அந்த வருஷம் பகுதிநேர வேலையில் வாரம் 151 பவுனுக்கு மேல் ஒரு பென்னி சம்பாதித்துவிட்டால் அந்தத் தொகை முழுவதும் போய்விட்டது. தெரியாமல் வரம்பைத் தாண்டியவர்களிடம் வருஷக்கணக்கில் விட்டுவைத்து, பிறகு ஆயிரக்கணக்கான பவுனைத் திருப்பிக் கட்டு என்று நோட்டீசு விட்டார்கள். வீட்டில் ஆள் இருந்தால் டிஸ்சார்ஜ் சுலபம் என்று சொல்கிறவர்கள், அந்த ஆள் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள் என்பதைச் சொல்வதில்லை.

அபராதமும் அவசரமும்

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்பதல்ல. ஸ்வீடனில் 1992இல் ஒரு சீர்திருத்தம் நடந்தது. வைத்தியம் முடிந்த நோயாளியை நகரசபை ஏற்றுக்கொள்ளாவிட்டால் அந்தக் கட்டிலுக்கான பணத்தை நகரசபையே கட்டவேண்டும் என்றார்கள். அங்கே தேக்கம் வேகமாகக் குறைந்தது. அதைப் பார்த்து பிரிட்டனும் 2003இல் சட்டம் செய்து, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் கவுன்சில் 100 பவுன், லண்டன் பக்கமானால் 120 பவுன், ஆஸ்பத்திரிக்குக் கட்டவேண்டும் என்றது. ஆனால் ஸ்வீடனில் பொறுப்போடு கூட முதியோர் இல்லங்களும் ஊழியர்களும் வரிப்பணமும் நகரசபைகளுக்கு மாற்றப்பட்டிருந்தன. பிரிட்டன் ஒரு சிறு மானியத்தோடு தடியை மட்டும் எடுத்துக்கொண்டது. பொதுச் செலவு கூடிக்கொண்டிருந்த வருஷங்களில் தேக்கம் குறைந்தது; சிக்கன வெட்டு விழுந்த பிறகு மறுபடி ஏறியது. இல்லாத ஆளை அபராதம் போட்டு வரவழைக்க முடியுமா?

காசு யார் தருவது என்ற கேள்வியை ஒதுக்கிவைத்தால் கட்டில் காலியாகும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு; ஆனால் அது கசப்பான சாட்சி. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, வெளியில் ஆகும் பராமரிப்புச் செலவைக் கணக்குப் பார்க்காமல் சர்க்காரே ஏற்கும் என்று அறிவித்து நோயாளிகளை மளமளவென்று அனுப்பினார்கள். மார்ச் 17க்கும் ஏப்ரல் 15க்கும் இடையே சுமார் 25,000 பேர் முதியோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லோருக்கும் பரிசோதனை செய்து அனுப்பும் ஏற்பாடு அப்போது இல்லை. இல்லங்களில் முதியவர்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். அறிகுறியில்லாத தொற்றின் அபாயத்தை எண்ணிப் பார்க்காமல் அப்படி அனுப்பியது சட்டவிரோதம் என்று 2022 ஏப்ரலில் ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கட்டில் காலியாவது ஒன்று. மனிதர் பத்திரமாகப் போய்ச் சேருவது இன்னொன்று. எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டு என்று மேலிருந்து உத்தரவு வரும்போதெல்லாம் இரண்டாவது மறந்துபோகிறது.

பராமரிப்பையும் இலவசமாக்கிவிட்டால் தீர்ந்ததா என்று கேட்கலாம். ஸ்காட்லாந்து 2002லிருந்து 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு உடல் பராமரிப்பை இலவசமாகத் தருகிறது. ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் அது பெரிய ஆறுதல்; அதை நாம் முழுமனதோடு வரவேற்கிறோம். ஆனால் அங்கேயும் சமீப வருஷங்களில் எந்த நாளிலும் சுமார் 2,000 கட்டில்கள் இப்படித் தேங்கி நிற்கின்றன. சீட்டு இலவசம், பஸ் வரவில்லை. கிளாஸ்கோ பெண்கள் கேட்ட கூலியைத் தெருவில் இறங்காமலே கொடுத்திருந்தால், நாடு முழுவதும் கொடுத்திருந்தால், பஸ்ஸும் வந்திருக்கும்.

2025 ஜனவரியில் இங்கிலாந்தில் மறுபடியும் ஒரு கமிஷன் நியமித்தார்கள். லூயிஸ் கேசி அம்மையார் தலைமை. இறுதி அறிக்கைக்கு 2028 வரை அவகாசம். பராமரிப்பு ஊழியர்களின் கூலியை யூனியன்களும் முதலாளிகளும் ஒரே மேஜையில் பேசி நாடு முழுவதற்கும் முடிவு செய்யும் ஏற்பாட்டுக்கு 2025 டிசம்பரில் சட்டம் வந்திருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு ஒதுக்கியிருப்பது 50 கோடிப் பவுன். அமுலாவதும் 2028இல். 15 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு வருஷத்துக்கு 330 பவுன் சொச்சம். வாரத்துக்கு ஆறரைப் பவுன்கூட இல்லை. இந்தத் தொகையை உயர்த்தவேண்டும், பயண நேரத்துக்கும் கூலி தரவேண்டும் என்று அங்குள்ள யூனியன்கள் கேட்கின்றன. 2028 வரை லங்காஷயர்ப் பாட்டி கட்டிலில் காத்திருக்க மாட்டாள். அந்தக் கேள்விக்கு மந்திரிகள் அதற்கு முன்பே பதில் சொல்லியாகவேண்டும்.